அக்னஸின் நீர்மூழ்கியும் வளைந்த குழாயும்

"அண்ணே, என் கப்பல் ஹபீஸ், எல்லாம் போச்சு! போட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு!"

அக்னஸ் ஓடி வந்த வேகத்தில் மேசைமேல் இருந்த தேநீர்க் கோப்பை ஆடியது. குருண் ஊர்த் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவள் அவள். எட்டு மாதம் பாடுபட்டு, ரேடியோவில் இயங்கும் சின்ன நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைச் செய்திருந்தாள். 1983-ஆம் ஆண்டு மாதிரிப் படகுப் போட்டி ரப்பர்த் தோட்டத்துக் குளத்தில் அன்று நான்கு மணிக்கு.

நடுவர் பரஞ்சோதி நிதானமாகக் கோப்பையைப் பிடித்து நிறுத்தினார். தஞ்சோங் டாவாயில் மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர் அவர். பக்கத்திலிருந்த நண்பர் வால்டர், பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர், அதற்குள் எழுந்தே விட்டார்.

"என்னம்மா நடந்துச்சு?"

"காலையில அழகா முங்கி எழுந்துச்சு. சாப்பிட்டு வந்து தண்ணில விட்டா, மோட்டார் மட்டும் சுத்துது, ப்ரொபெல்லர் அசையல. திறந்து பார்த்தா மோட்டாரையும் ப்ரொபெல்லர் தண்டையும் சேர்க்கிற என் பித்தளை கப்ளிங்கைக் காணோம்! இதைச் சொருகியிருக்காங்க!"

விரல் நீள ரப்பர் குழாய் ஒன்றை மேசைமேல் போட்டாள். எண்ணெய்ப் பிசுக்கோடு, வாழைப்பழம் போல வளைந்திருந்தது.

"எண்ணெய் பட்ட ரப்பர் வழுக்கும். தண்ணியோட பாரம் வந்ததும் பிடி விட்டுடும்," என்றார் பரஞ்சோதி. "நீ சாப்பிடப் போன நேரம், படகு வச்சிருந்த கொட்டகையில யார் இருந்தா?"

"பழனியாண்டி, பக்கிரிசாமி, மனோகரன். மனோகரன்தான் எடுத்திருக்கணும்! போன வாரமே அந்தக் கப்ளிங்கைக் கேட்டுக் கெஞ்சுனாரு!"

குளக்கரையில் நின்ற மனோகரன் சட்டென்று திரும்பினார். "யாரைத் திருடன்னு சொல்ற?" கூட்டம் அப்படியே அவரைப் பார்த்தது. அவர் முகம் செத்துப்போயிற்று.

வால்டர் மனோகரனை நோக்கி ஓரடி வைத்தார். "பிடிச்சுக் கேட்டுடலாமா?"

"இந்தக் குழாயே சொல்லும், வாங்க," என்றார் பரஞ்சோதி.

மூவரையும் படகுகளோடு மேசைக்கு வரச் சொன்னார். பக்கிரிசாமியின் இழுவைப் படகு குளத்தின் நடுவே ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. அன்னம்போல் ஓசையின்றித் திரும்பி வந்த அதைக் கண்டு வால்டர் ஒரு கணம் சொக்கிப்போனார்.

"பழனியாண்டியோடது பாய்மரம். மோட்டாரே இல்ல, அவருக்குக் கப்ளிங் எதுக்கு? மனோகரன், மூடியைத் திறங்க."

மனோகரன் ஆத்திரத்தோடு திறந்தார். மோட்டாரும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. நடுவே பழைய இரும்புக் கப்ளிங்.

"பார்த்தீங்களா வால்டர்? நேரா இருக்கிற இடத்துல மாட்டுன குழாய் இப்படி வளையாது. மோட்டார் ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம் சாய்ஞ்சு நிக்கிற படகுல நாள்கணக்கா கிடந்தாத்தான் வளையும்." திரும்பினார். "பக்கிரிசாமி, காலையில உங்க படகு போட்ட அலறலுக்குக் குளமே அதிர்ந்துச்சு. இப்ப மூச்சுகூட விடல. எப்படி?"

பக்கிரிசாமியின் கை மூடியைவிட்டு நகரவில்லை. வால்டர்தான் மெல்ல விலக்கித் திறந்தார். சாய்வான தண்டின் தலையில், இரு பக்கமும் வளைந்துகொடுக்கும் அக்னஸின் பித்தளை கப்ளிங் பளபளத்தது.

"மூணு வருஷமா பாதிக் குளத்துலயே நின்னுடுதுண்ணே," என்றார் பக்கிரிசாமி. "ஊரே சிரிக்குது லா. ஒரு தடவை அக்கரையைத் தொட்டாப் போதும்னு நினைச்சேன்."

"மோட்டாரைக் கொஞ்சம் இறக்கி நேரா வச்சிருந்தா, புதுசா ஒரு ரப்பர் குழாயே உங்களை அங்க சேர்த்திருக்கும்," என்றார் பரஞ்சோதி. "இன்னைக்கு உங்க படகு ஓடாது. அடுத்த வருஷம் நேரா வச்சுக் கொண்டாங்க."

அக்னஸும் வால்டரும் வியர்க்க விறுவிறுக்கக் கப்ளிங்கை மாட்டி முடித்தபோது நான்கடிக்க இரண்டு நிமிடம். நீர்மூழ்கி குளத்தின் நடுவே போய், மூக்கைத் தாழ்த்தி மறைந்தது. ஒரு குமிழி வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"மேல வருது லா! மேல வருது!"

முதலில் கத்தியவர் மனோகரன்.

அக்னஸ் ரேடியோப் பெட்டியை வால்டரின் கையில் திணித்துவிட்டு அவரிடம் ஓடினாள். "மன்னிச்சிருங்கண்ணே. எல்லார் முன்னாலயும் உங்களை..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்," என்று மனோகரன் குளத்தைக் காட்டிக் குதித்தார். "கப்பலைப் பாரு, கரையில முட்டப்போகுது!"