நிறம் இழந்த ஐந்து குழாய்கள்

ஐம்பத்தொரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆய்வகப் பணிப்பெண் துப்பறிவாளரிடம் வந்தார். சிவந்திருந்த ஐந்து குழாய்கள் திங்கட்கிழமை காலை அலமாரியைத் திறந்தபோது வெளுத்திருந்தன. உள்ளிருந்த நுண்ணுயிர்கள் செத்துவிட்டன.

"அலமாரிச் சாவி மேடம்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. மேடத்தை யாருய்யா சந்தேகப்படுவா? நாளையோட என் வேலை போயிடும்."

துப்பறிவாளர் மைத்துனனை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

நீண்ட அறை. மேசைகள் பன்னிரண்டு, ஆள் இருந்தவை இரண்டு.

"அந்தக் குழாய்களை நான் தொட்டு ஒரு வருஷமாச்சு. எல்லாம் இவ உழைப்பு," என்றார் பேராசிரியை, பக்கத்து மேசையில் இருந்தவளைக் காட்டி. கறுப்பு ஸ்வெட்டரின் கைநுனியில் ஏதோ பொடி.

"சாக்பீஸ், அத்தான்," என்று மைத்துனன் கிசுகிசுத்தான். சுவரில் இருந்ததோ மார்க்கர் பலகை.

"பத்து நாள்ல முடிச்சிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போயிருப்பேன் சார்," என்றாள் ஆய்வு மாணவி. "ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இப்படி. வேற பிரதி இல்ல. புதுசா தேடிப் பிடிக்க ஒரு வருஷமாகும்."

"லேபிள்ல 'ஹாலோ'ன்னு இருக்கே?"

"கிரேக்கத்துல ஹால்ஸ்னா உப்பு. இது உப்பை விரும்புற உயிர். வெறும் தண்ணி பட்டா வெடிச்சிடும்."

குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் காய்ச்சினார் துப்பறிவாளர். தகட்டில் துளி உப்பும் மிஞ்சவில்லை.

"உப்புநீரை உறிஞ்சிட்டு வெறும் தண்ணி ஊத்தியிருக்காங்க." பணிப்பெண்ணிடம் திரும்பினார். "ஹாலோன்னா என்னம்மா?"

"கம்பெனி பேருன்னு நெனச்சேன்யா."

மைத்துனன் மட்டும் சிரித்தான்.

"இவங்க கெடுக்க நெனச்சிருந்தா கீழ கொட்டியிருப்பாங்க. தண்ணியே கொல்லும்னு தெரிஞ்சவங்க ரெண்டு பேர். ஒருத்தர் ஊர்லயே இல்ல." ஸ்வெட்டர் கைநுனிமேல் லென்ஸைப் பிடித்தார். "சின்னச் சின்னச் சதுரம். லேசான சிவப்பு. காஞ்ச உப்பு. ஒரு வருஷமா தொடலைன்னீங்களே, மேடம்?"

மாணவி குனிந்து பார்த்தாள். "உப்புக்குள்ள மாட்டிக்கிட்டா இது சாகாது, மேடம். இதுலேர்ந்தே மூணு வாரத்துல வளர்த்துடலாம்."

பேராசிரியை ஸ்வெட்டரைக் கழற்றினார். பொடி உதிராமல் கைநுனியை உள்ளே மடித்து மாணவியிடம் கொடுத்தார்.

"உன் மேல தப்பில்லம்மா," என்றார் பணிப்பெண்ணிடம். பிறகு மாணவியைப் பார்க்காமல் சொன்னார்:

"நான்தான் ஊத்தினேன். நீயும் போயிட்டா இந்த அறையில என்கிட்டப் பேச ஆளில்ல."