மொட்டைப் பாரில் ஒரு டப்பா கொயினா

அன்று பொழுது சாய்வதற்குள் மருந்து வீடு வந்து சேர வேண்டும். சேராவிட்டால் பிரகாசி பிழைக்க மாட்டாள். விடிந்தும் விடியாமலும் தூத்துக்குடிக் கடற்கரை மணலில் வந்து நின்ற இஞ்ஞாசியின் தலைக்குள் இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

விக்டோரியா மகாராணியின் தலை போட்ட காசு புழங்கிய காலம் அது. ஊர் முழுக்க முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் சொல்லிவைத்தாற்போல் சாயங்காலம் வரும், பல் கிட்டிக்க நடுக்கும், அனலாய்க் கொதிக்கும். விடிந்தால் நல்ல பிள்ளை போலக் கிளம்பிப் போய்விடும். இஞ்ஞாசியின் மனைவி பிரகாசிக்கு அது பல முறை வந்து போனதில் ஆள் பாதியாகிவிட்டாள். "இன்னொரு தடவை வந்தா இந்த உடம்பு தாங்காது. கொயினா மருந்துதான் ஒரே வழி. எங்ககிட்ட தீர்ந்து போச்சு, கப்பல்ல வருது" என்று ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கையை விரித்தார்.

கப்பல் வந்தது. ஆனால் துறைமுகத்துக்கு வரவில்லை. மொட்டைப் பார் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் கடற்பாறைமேல் ஏறி, வயிறு கிழிந்து, தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டது. மாலுமிகள் படகேறித் தப்பினார்கள். சரக்கு முழுவதும் அடியில் கிடந்தது.

சரக்கில் கொயினா மட்டுமா இருந்தது? பெட்டி பெட்டியாக டாக்டர் மெரிவெல் அமிர்தமும் இருந்தது. தக்கைக்கு மேல் ஒரு தகர மூடியும் போட்ட பழுப்பு நிறக் குப்பி, அதன்மேல் சிறகு முளைத்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் படம். காய்ச்சல், இருமல், வழுக்கை, குழந்தைகளின் பல்வலி, குதிரையின் நொண்டல் எல்லாவற்றுக்கும் அது ஒரே மருந்து. அப்படித்தான் அதை விற்க வந்த பட்டணத்துக்காரர் ஏகாம்பரம் சந்தை சந்தையாகத் தொண்டை கிழியச் சொன்னார். போன முறை காய்ச்சல் கண்டபோது பிரகாசிக்கு அதில் ஒரு குப்பி வாங்கிக் கொடுத்தான் இஞ்ஞாசி. குடித்த கொஞ்ச நேரத்தில் அவள் முனகல் நின்றது, அயர்ந்து தூங்கினாள். காலையில் காய்ச்சல் இல்லை. அதைக் கண்ணால் பார்த்தபின் அவனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இஞ்ஞாசி முத்துக் குளிப்பவன். கப்பல் கிடக்கும் ஆழம் அவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கயிறு பிடிக்க ஆள் வேண்டுமே! அங்கேதான் சிக்கல்.

முத்துக்குளிக்கும் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பவனின் கயிறு, மேலே அவன் மச்சினன் கையில்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவன்கூட அடுத்தபடிதான். தன் அக்காளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று தெரிந்தவன் கண் அசர மாட்டான் அல்லவா? பிரகாசியின் தம்பி சந்தியாகு அப்படிக் கண் அசராதவன்தான். ஆனால் கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டிய பிறகே மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். போன பருவத்தில் இஞ்ஞாசி சுண்டுவதற்கு முன்பே சந்தியாகு பயந்துபோய் இழுத்துவிட்டான். கைக்கு எட்டிய சிப்பிக் குவியல் போயிற்று. "பொட்டப்பயலே, ஒனக்கு எதுக்குடா கயிறு?" என்று படகு முழுக்கக் கேட்கும்படி கத்தினான் இஞ்ஞாசி. அன்றோடு பேச்சு நின்றுபோனது.

இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று யோசித்துக்கொண்டே தன் வள்ளத்தை நோக்கி நடந்தவன் திகைத்து நின்றான். வள்ளத்தில் பாய் ஏற்றியாகிவிட்டது. தோளில் கயிற்றுச் சுருளோடு சந்தியாகு நின்றான்.

"மாப்ள…" என்றான் இஞ்ஞாசி.

"ஏறுங்க அத்தான். காத்து மாறுததுக்குள்ள போயிட்டு வரணும்" என்றான் சந்தியாகு, முகத்தைப் பார்க்காமலே.

சரக்கு எந்த அறையில் இருக்கிறது என்று அறிந்தவர் ஏகாம்பரம் ஒருவர்தான். அவரையும் ஏற்றிக்கொண்டார்கள். வேட்டியை இறுக்கிக் கட்டி, கடைசிக் குப்பி அமிர்தத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்தார். கரை மறைவதற்குள்ளேயே அவருக்குக் குமட்டல் தொடங்கிவிட்டது.

"மொதல்ல கொயினாவ எடுத்துருவோம் அத்தான். கம்பவுண்டர் அதத்தான சொன்னாரு" என்றான் சந்தியாகு.

"அவரு சொன்னத காதால கேட்டேன். உங்கக்கா அமிர்தம் குடிச்சு தூங்கினத கண்ணால பாத்தேன். அமிர்தந்தான் மொதல்ல."

"ரெண்டும் முன்பக்க அறையிலதான் இருக்கு" என்றார் ஏகாம்பரம், வாயைத் துடைத்துக்கொண்டு. "அமிர்தம் மரப்பெட்டியில. கொயினா மரக்கால் அளவு தகர டப்பா, மூடியைச் சுத்தி ஈயம் வெச்சு அடைச்சிருப்பான். இந்தாங்க, தெம்புக்கு ரெண்டு மூடி குடிச்சுட்டு இறங்குங்க."

இஞ்ஞாசி வாங்கிக் குடித்தான். பாகு போல இனித்தது. கடலில் இறங்குமுன் எதையும் வயிற்றில் போடக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இது சாப்பாடு இல்லை, மருந்துதானே!

மொட்டைப் பாரை நெருங்கும்போதே கப்பல் கிடக்கும் கோலம் தெரிந்தது. கப்பலின் பாய்மரம் ஒன்று மட்டும் சாய்ந்தபடி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு இருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அடியிலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம். பாறை விளிம்பிலிருந்து கப்பல் மெல்ல மெல்லப் பின்னால் நழுவிக்கொண்டு இருந்தது. அந்தப் பக்கம் அடி காணாத ஆழம்.

இஞ்ஞாசி இடுப்பில் கயிற்றைக் கட்டினான், ஆழத்துக்கு இழுத்துப் போகும் கல்லில் கால் வைத்தான், மூச்சை இழுத்துப் பிடித்து இறங்கினான். கிழிந்த பலகை வழியே உள்ளே நுழைந்து, ஒரு பெட்டியை உடைத்து, இடுப்பு வலையில் குப்பிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கயிற்றைச் சுண்டினான். மேலே வந்து பார்த்தால் எல்லாக் குப்பியிலும் தக்கை உள்ளே போயிருந்தது. ஏகாம்பரம் ஒன்றை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "உப்பு. கடல் தண்ணி இறங்கிடுச்சு. அடியில இருக்கிற பெட்டியில நல்லது இருக்கலாம்."

களைப்பாக இருந்தது. ஏகாம்பரம் அன்போடு இன்னும் இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடியும் இறங்கினான் இஞ்ஞாசி.

இந்த முறை கடல் வேறு மாதிரி இருந்தது. குளிரவில்லை. காது வலிக்கவில்லை. அறைக்குள் நுழைந்தவன் ஒரு பெட்டியைத் தொட்டான், உடைக்கத் தோன்றவில்லை. அதன்மேல் உட்கார்ந்தான். எவ்வளவு சுகம்! காலருகே ஈயம் வைத்து அடைத்த தகர டப்பா ஒன்று கிடந்தது. அதை யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தான். மூக்கிலிருந்து குமிழிகள் கிளம்பி மேலே போயின. போகட்டுமே என்று இருந்தது. எதற்காக வந்தோம்? யாருக்கோ மருந்து. யாருக்கு என்பது நினைவுக்கு வரவில்லை. கயிறு கையில் இருந்தது. அதைச் சுண்ட வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை.

இடுப்பை வெட்டுவது போல ஓர் இழுப்பு. தலை பலகையில் மோதியது. அடுத்து அவன் அறிந்தது, வள்ளத்தின் அடிப்பலகையில் குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு இருந்ததைத்தான்.

"கயிறு சும்மா இருந்துச்சு அத்தான்." சந்தியாகு அழுதுகொண்டே அவன் முதுகைத் தேய்த்தான். அவன் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. "நீங்க உள்ள இருந்தா கயிறு சும்மாவே இருக்காது, துறுதுறுன்னு இருக்கும். மனசு கேக்கல, இழுத்துட்டேன். திட்டுறதுன்னா திட்டுங்க."

இஞ்ஞாசி எதையோ சொல்ல வாயெடுத்தான். கண் தானாக மூடியது. சந்தியாகு அவன் இமையைத் தூக்கிப் பார்த்தான். கருவிழி நடுவே புள்ளி கடுகளவு சுருங்கிக் கிடந்தது.

"அபின்கட வாசல்ல கெடக்குறவனுக்கு இப்படித்தான் கண்ணு இருக்கும்" என்று ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தான். "அய்யா, குப்பிக்குள்ள என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது. நானே இருமலுக்கு தினம் நாலு மூடி குடிக்கிறேனே."

"குடிக்காம இருந்து பாத்திருக்கீயளா?"

"ஒருநாள் இருந்தேன். உடம்பெல்லாம் முறுக்கிப் பிசைஞ்சுடுச்சு. அப்பதான் இது எவ்வளவு நல்ல மருந்துன்னு புரிஞ்சுது…" சொல்லி வந்தவர் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த குப்பியை மடியில் இறக்கி வைத்தார்.

இஞ்ஞாசிக்கு மண்டையில் அடித்தது போல இருந்தது. பிரகாசியும் அன்று இப்படித்தான் கிடந்திருக்கிறாள். காய்ச்சல் எப்போதும் போல விடியற்காலையில் தானாகப் போயிருக்கிறது. மருந்து அதைத் தொடவே இல்லை. அவளைப் பேச்சு மூச்சில்லாமல் போட்டுவைத்தது, அவ்வளவுதான். அதை நம்பி அரை நாளைத் தொலைத்துவிட்டானே!

"கொயினா டப்பா எங்க கெடக்குன்னு பாத்தேன், மாப்ள. எறங்குதேன்" என்று எழுந்தான். எழுந்த வேகத்தில் விழுந்தான்.

காற்று பலத்துவிட்டது. பாய்மரம் இன்னும் ஒரு முழம் உள்ளே போயிருந்தது. சந்தியாகு தலைத்துண்டை அவிழ்த்தான். சின்ன வயதில் காதில் புண் வந்து சீழ் கட்டியதிலிருந்து அவன் முங்கியதே இல்லை. கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை இஞ்ஞாசியின் கையில் திணித்தான்.

"எனக்கு மூச்சு கம்மி. பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லோடு இறங்கினான்.

இஞ்ஞாசி தன் வாழ்நாளில் கயிறு பிடித்தவன் அல்ல. "தண்ணிய தலையில ஊத்துங்க அய்யா. கண்ணு சொருகுச்சுன்னா கிள்ளுங்க" என்றான். ஏகாம்பரம் ஊற்றினார், கிள்ளினார், தம் குமட்டலை மறந்து மறுபடியும் கிள்ளினார். கயிறு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. நின்றது. அப்புறம் ஒன்றும் இல்லை.

கீழே இருக்கும்போது நேரம் போவதே தெரியாது அவனுக்கு. மேலே இருந்தால் அது இப்படியா நகராமல் நிற்கும்? சந்தியாகு எங்கே மாட்டிக்கொண்டானோ, பலகை சரிந்துவிட்டதோ, காது கிழிந்து மயங்கினானோ? பிரகாசிக்கு என்ன பதில் சொல்வது? கயிறு சுண்டவில்லை. சுண்டும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஊருக்கே சட்டம் சொன்ன இஞ்ஞாசி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

தண்ணீரைப் பிளந்து தலையை நீட்டிய சந்தியாகுவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "டப்பாவுல கைய வெச்சிட்டேன்! ஏன் அத்தான் இழுத்தீய?"

"தெரியல மாப்ள" என்றான் இஞ்ஞாசி. கயிற்றை இன்னும் விடவில்லை. "இருக்க முடியல."

சந்தியாகு அவனை உற்றுப் பார்த்தான். பிறகு, அந்தக் கலவரத்திலும், வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு" என்றான் இஞ்ஞாசி.

"அத வீட்டுல போயி பேசிக்கிடலாம். இப்ப கயித்த விடுங்க."

மறுபடியும் இறங்கினான். அடியிலிருந்து பெரிய முனகல் ஒன்று கிளம்பியது, பாய்மரம் ஆடியது. அதே நொடியில் கயிறு சுண்டியது. இஞ்ஞாசி இழுத்தான், ஏகாம்பரமும் பாய்ந்து வந்து இழுத்தார். தகர டப்பாவை மார்போடு கட்டிக்கொண்டு, ஒரு காதிலிருந்து ரத்தம் வடிய, சந்தியாகு மேலே வந்தான். அவன் வள்ளத்துக்குள் விழுந்தபோது பாய்மரம் இருந்த இடத்தில் நுரை மட்டும் சுழன்றது. ஏகாம்பரத்தின் சரக்கு முழுவதும் அடி காணாத ஆழத்துக்குப் போயிற்று. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கடைசிக் குப்பியையும் எடுத்துக் கடலில் கவிழ்த்தார்.

பாய் விம்ம வள்ளம் பறந்தது. டப்பா ஊருக்குச் சொந்தம் என்பதால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கம்பவுண்டர் ஈயத்தைக் கீறித் திறந்தார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெள்ளை வெளேரென்று மாவு. அவர் கண் கலங்கியது. முதல் பொட்டலத்தைக் கட்டி இஞ்ஞாசியின் கையில் வைத்தார்.

வீட்டில் பிரகாசிக்குக் குளிர் ஏறி நகக்கண் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. மாவை நாக்கில் வைத்ததும் துப்பப் பார்த்தாள்.

"கசக்குது. அந்த இனிப்பு மருந்தக் குடுங்க. குடிச்சா வலி தெரியாம கெடப்பேன்" என்று கெஞ்சினாள்.

அவள் கேட்டு இஞ்ஞாசி எதையும் மறுத்தது இல்லை. "அது வேண்டாம் பிரகாசி" என்று அன்று முதல்முறையாக மறுத்தான். விரலில் கொஞ்சம் மாவைத் தொட்டுத் தன் நாக்கில் வைத்துக்கொண்டான். சந்தியாகுவும் ஒரு துளி எடுத்து வாயில் போட்டான். இரண்டு ஆம்பிளைகளின் முகமும் அஷ்டகோணலாகப் போனதைப் பார்த்து, பல நாளைக்குப் பிறகு பிரகாசி சிரித்தாள். சிரித்த வாயில் மருந்து இறங்கியது.

காய்ச்சல் வரத்தான் செய்தது. ஆனால் பழைய வேகம் இல்லை. விளக்கு வைத்து அதிக நேரம் ஆவதற்குள் வியர்த்து இறங்கிவிட்டது. அந்த வாரம் டப்பாவின் மாவு தெருத்தெருவாகப் பொட்டலமாய்ப் போயிற்று. அமிர்தத்தை விட்டதால் படகுக் கொட்டகையில் உடம்பு முறுக்கித் துடித்த ஏகாம்பரத்துக்குக் கஞ்சி ஊற்றிக் காவல் இருந்தவன் சந்தியாகு. இனிக்கிறதே என்று எதையும் நம்பிவிடாதீர்கள் என்று பின்னாளில் அவரே சந்தையில் நின்று சொன்னார். அப்போதும் அவருக்குத் தொண்டை பெரிதுதான்.

ஆனால் மருந்து கொடுத்ததற்கு மறுநாள் காலையைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. வெயில் வாசல்வரை வந்துவிட்டது. பிரகாசி அசையாமல் தூங்கிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஞ்ஞாசிக்கு அந்தத் தூக்கம் அமிர்தம் குடித்த அன்றைய தூக்கத்தைப் போலவே தெரிந்தது. தான் கடலடியில் உட்கார்ந்திருந்த சுகம் நினைவுக்கு வந்தது. பொறுக்க முடியவில்லை.

"பிரகாசி!" என்று கூப்பிட்டான்.

அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மனுஷிய நிம்மதியா தூங்கக்கூட விட மாட்டீயளா?" என்று சிடுசிடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

இஞ்ஞாசி எழுந்து வாசலுக்குப் போனான். அங்கே படுத்துக் கிடந்த மச்சினனை எழுப்பி, அவன் தோளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.