காலிக் கொட்டடியின் ஒலி

ஹெட்போனில் ஒரு மூச்சு கூடுதலாக இருந்தது.

ஒலிப்பதிவாளர் தன் மூச்சை அடக்கிப் பார்த்தார். அது நிற்கவில்லை. சுண்ணாம்பும் ஈர இரும்பும் மணக்கும் அந்தப் பழைய சிறைக் கொட்டடியில், கம்பிச் சன்னல் வழியாக விழுந்த மாலை வெயில் சுவரில் மெல்ல மேலேறிக்கொண்டிருக்க, மூலையிலிருந்து அது சீராக, அவசரமில்லாமல், தூங்குகிறவர் விடுவதுபோல வந்துகொண்டிருந்தது. குழாயில் காற்று என்று நினைத்துக்கொண்டார். பயப்படவும் தெம்பு வேண்டும்.

ஊர் ஊராகப் போய்க் கோட்டை, மாளிகை, சிறை என்று பழைய இடங்களின் மௌனத்தைப் பதிவது அவர் பிழைப்பு. பார்க்க வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் வரலாற்று விளக்கத்துக்கு அடியில் அந்தந்த அறையின் மௌனம் ஓட வேண்டும். பதிவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமலிருக்க, முதலில் இடத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்வார்.

காலையில் மனைவி போனில் சொல்லியிருந்தாள். "செத்தவங்க வீட்டையெல்லாம் சுத்திப் பாத்துட்டு நிதானமா வாங்க. இங்க ஒருத்தி காய்ச்சல்ல அப்பா அப்பான்னு அனத்திட்டிருக்கா."

இதை முடித்தால் ரயில். விடிவதற்குள் மகள் பக்கத்தில் இருக்கலாம்.

"இங்க இருந்தவங்க யாரும் இவ்வளவு பொறுமையா உக்காந்ததில்ல சார்" என்று வாசலில் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார் அந்த இடத்தின் காவலர்.

மறுபடி பதிவைத் தொடங்கினார். கண் செருகியது. நினைப்பு இங்கே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"எங்க வீடு. பாப்பா ரூம்."

மூலையில் அந்த மூச்சு நின்றது.

திருத்திச் சொல்ல அலுப்பாக இருந்தது. அப்படியே உட்கார்ந்து கேட்டார். இவ்வளவு சுத்தமான மௌனத்தை அவர் எந்த ஊரிலும் பதிந்ததில்லை.

வாசலுக்கு வந்து, கிளம்பிவிட்டதாகச் சொல்ல வீட்டுக்கு அழைத்தார்.

"உள்ள இருந்துக்கிட்டு எதுக்குப் போன்?" மனைவி குரலைத் தாழ்த்தினாள். "இப்பதான் தூங்கினா."

"எங்க உள்ள?"

"விளையாடாதீங்க. கதவு திறந்த சத்தம்கூடக் கேக்கல. எட்டிப் பாத்தா இருட்டுல அவ பக்கத்துல சுருண்டு படுத்திருக்கீங்க."

தான் இன்னும் ஊர் திரும்பவில்லை என்றார். அந்த அறைக்குப் போகாதே என்றார். போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வா என்றார்.

போனில் காலடிகள். கதவு.

மகளின் குரல், காய்ச்சலில் கம்மி, ரகசியமாக.

"லைட் போடாதம்மா. அப்பாவுக்குக் கண்ண மூடத் தெரியல."

சுவிட்ச்.

அவள் அலறுவாள் என்று காத்திருந்தார். அலறவில்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

"உங்க போன எங்கயாவது விட்டுட்டீங்களா?" என்றாள், அவரிடம் அல்ல. "யாரோ உங்க குரல்லயே பேசுறான்."

போன் கை மாறியது. சீராக, அவசரமில்லாமல், அதே மூச்சு.