பெண் வீட்டுப் பாட்டு

கீரை பஜ்ஜித் தட்டு பாதி காலியானதும், மாப்பிள்ளையின் அம்மா மரகதம் கையைத் துடைத்துக்கொண்டு வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"சரிங்க அண்ணே, பொண்ணோட எச்சிலை எப்ப எடுக்கறீங்க?"

யாரும் முகம் சுளிக்கவில்லை. செவ்வாய்க் குடியிருப்பில் பெண் பார்க்கும் சடங்கே அதுதான். முதல் கப்பலில் வந்தவர்கள் ஜாதகங்களைப் பத்திரமாகத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் செவ்வாயிலேயே பிறந்த பிள்ளைக்குச் செவ்வாய் எத்தனையாம் வீட்டில் இருக்கிறது என்று குறிக்கத் தெரியாமல் ஜோசியர்கள் கையை விரித்துவிட்டார்கள். கொஞ்ச காலம் ஜனங்கள் பொருத்தம் பார்க்காமலே கல்யாணம் செய்துகொண்டு நிம்மதியாக இருந்தார்கள். நிம்மதி நமக்கு ஒத்துவருமா? மரபிசை வந்து சேர்ந்தது.

ஒரு சொட்டு எச்சில் போதும். அதிலுள்ள மரபணுவின் நான்கு எழுத்துகள் எந்த வரிசையில் நிற்கின்றனவோ, அதே வரிசையில் அவற்றைச் சுரங்களாக்கி மரபிசைப் பெட்டி பாடும். பெண்ணின் பாட்டையும் பிள்ளையின் பாட்டையும் சேர்த்து ஒலிக்கவிடுவார்கள். இழைந்தால் தாம்பூலம். உரசினால் பஜ்ஜியோடு சரி.

அந்தக் குடியிருப்பின் ஒரே மரபிசையாளர் கல்யாணப் பெண் அல்லிதான். அவளுடைய முக்கிய வேலை பசுமைக்கூடத்தில். கதிர்வீச்சில் விதை கெட்டிருந்தால் பாட்டில் சுரம் தப்பும்; காலையில் கீரையின் பாட்டைக் கேட்டே கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணப் பொருத்தம் பார்ப்பது உபரி வேலை. எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறாள். இன்றைக்குத் தனக்கே.

காற்று நிலையத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பரிதியை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். போன வாரமே இருவர் பாட்டையும் திருட்டுத்தனமாகச் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். தகர டப்பாவைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. பரிதி முதலில் சிரித்தான். பிறகு அவனால் சிரிக்க முடியவில்லை.

"அம்மா இதைக் கேட்டா அவ்வளவுதான், அல்லி."

அல்லிக்கு ஒரு தொழில் ரகசியம் தெரியும். மனிதருக்கு மனிதர் மரபெழுத்து வேறுபடுவது ஆயிரத்தில் ஒன்றுதான். உள்ளபடி பாடவிட்டால் எல்லார் பாட்டும் ஒரே பாட்டு. அதைக் கேட்க யார் வருவார்கள்? அதனால் பெட்டியில் வேற்றுமைப் பெருக்கி என்று ஒரு திருகு வைத்திருந்தார்கள். அது பொதுவானதை எல்லாம் அமுக்கிவிட்டு, அந்த ஆயிரத்தில் ஒன்றை மட்டும் உரக்கப் பாடவைக்கும்.

உண்மையைப் போட்டால் உரசலே இருக்காது என்று அல்லி முடிவு செய்தாள். பாவம், உண்மை மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

பெருக்கியை அணைத்துவிட்டு, பெரியவர்கள் முன்னால் பெட்டியை இயக்கினாள். இரண்டு பாட்டும் ஒரே குரலாக எழுந்தன. ஒரு சுரம் விலகவில்லை. அல்லிக்கே மெய்சிலிர்த்தது. சிரித்த முகத்தோடு நிமிர்ந்தவள், மரகதத்தைப் பார்த்ததும் திகைத்துப்போனாள்.

"அடக் கடவுளே! ரெண்டும் ஒண்ணா இருக்கே! அப்ப இதுக அண்ணன் தங்கச்சி முறையில்ல ஆகுது!"

"பங்காளி வீடா நீங்க?" என்று அல்லியின் அப்பா சிதம்பரநாதனும் பதறி எழுந்தார். "நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது."

"அய்யோ, அத்தை, அப்படியில்ல. எல்லார் பாட்டும் இதுதான்," என்ற அல்லி, பெட்டியில் சேமித்திருந்த மரகதத்தின் பாட்டையும் அவள் கணவர் பாட்டையும் சேர்த்துப் போட்டாள். அதே பாட்டு. மரகதம் கணவரை விட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

சிதம்பரநாதன் கண் கலங்கியிருந்தது.

"அப்ப மனுசங்க எல்லாருமே ஒரே பாட்டுதானாம்மா?"

"ஆமாப்பா."

அப்பா புரிந்துகொண்டார் என்று அல்லிக்கு நெஞ்சு நிறைந்தது. அவர் அவளைத் தனியே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இதை வெளிய சொல்லிடாதே தாயி. அப்புறம் யாருக்குப் பொண்ணு குடுக்கக் கூடாதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அல்லிக்கு அழுகை வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அழுதாள். பரிதியை விட்டுவிட அவளால் முடியாது. பெருக்கியைப் போட்டால் தகர டப்பா, போடாவிட்டால் தங்கச்சி. மூக்கைச் சிந்திவிட்டுப் பார்த்தபோது, காலையில் சோதித்த பசலைக்கீரையின் சாறு பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பாட்டு அவளுக்கு மனப்பாடம். சாதுவான பாட்டு, ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. யாரோடும் சண்டைக்குப் போகாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பெட்டியில சின்னக் கோளாறு, அத்தை. சரி பண்ணிட்டேன்."

பெருக்கியை முழுசாகத் திருகினாள். பரிதியின் பாட்டு குதித்தது, முறுக்கியது, அதிகாரம் பண்ணியது. கீரையின் பாட்டு அதன் காலடியில் அடக்கமாக ஓடிவந்தது. உரசலே இல்லை.

மரகதம் கண்ணை மூடிக் கேட்டாள். முகம் மலர்ந்தது.

"இது பாட்டு! எத்தனை பதவிசு, எத்தனை அடக்கம்! பரம்பரைன்னா சும்மாவா?"

"எங்க குலத்துப் பாட்டுங்க," என்று சிதம்பரநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க கேட்டாலும் அடையாளம் கண்டுக்குவேன்."

பரிதி அல்லியைப் பார்த்தான். அல்லி தரையைப் பார்த்தாள். பெரியவர்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மரகதம் தட்டில் மிச்சமிருந்த கீரை பஜ்ஜியை எடுத்து ஒரு கடி கடித்தாள். "நாங்களும் கண்ட இடத்துல பொண்ணு எடுக்கறவங்க இல்லைங்க, சம்பந்தி," என்றாள், மென்றுகொண்டே.