துண்டை எடுத்த கை

டம்ளர் பறந்து வந்து மூத்த மருமகளின் நெற்றியில் பட்டு, விரித்து வைத்திருந்த வேதப் புத்தகத்தின் மேல் விழுந்து உருண்டது. அதிலிருந்த சூடான டீ அவள் கன்னத்தில் வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் காலை ஜெபம் இப்போதெல்லாம் இப்படித்தான் ஆரம்பித்தது!

"இவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்கு ஜெபம் வேற வரணுமா?" என்று கத்தினாள் சின்ன மருமகள். "என் புருஷன் கையத் தின்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி தலை குனிஞ்சு உக்காந்திருக்கா பாருங்க!"

மூத்தவள் டீ பட்ட பக்கங்களைக் கை விரலால் ஒற்றி எடுத்தாள். நெற்றியில் புடைத்துக்கொண்டு வந்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். புத்தகம் மாமனாருடையது.

இந்த ஜெபமும் மாமனார் ஏற்படுத்திய வழக்கம்தான். மர அறுவைப் பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. ரம்பம் ஓடத் தொடங்கும் முன் வீட்டார் எல்லோரும் கூடத்தில் உட்கார வேண்டும். நேற்று எந்தக் காரியத்தில் ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்தோம் என்று ஒவ்வொருவரும் ஒன்றாவது சொல்ல வேண்டும். முதலில் அவரே சொல்வார். "நேத்து கூலிக்காரனைத் திட்ட வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்" என்பார். சின்ன மகன் உடனே, "நேத்து நானும் கீழ்ப்படிஞ்சேம்பா... மூணாவது தடவை சாப்பிடுன்னு வயிறு சொல்லுச்சு, மறுக்கல" என்பான். அண்ணிதான் முதலில் சிரிப்பாள். அதெல்லாம் ஒரு காலம்.

மாமனார் போன பிறகு அந்த நாற்காலியில் மூத்த மகன், மூத்தவளின் புருஷன், உட்கார்ந்தான். கேள்வியும் அவன் கைக்கு வந்தது. எல்லோரையும் கேட்பான். அவனைக் கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

"நேத்து எதுல கீழ்ப்படிஞ்ச?" என்று இப்போதும் அவளைத்தான் கேட்டான்.

"வீட்டைப் பெருக்கினேன்... துணி துவைச்சேன்..."

"அதையா ஆண்டவர் கேட்டாரு?" என்று சின்னவள் சீறினாள். "அத்தை! உங்க மூத்த மருமக நான்தான் செஞ்சேன்னு ஒரு தடவையாவது வாயால சொல்லியிருக்காளா? மன்னிச்சிடுன்னு கேட்டிருக்காளா? நாளைக்கு ஆராதனையில சபைக்கு முன்னால இவ சொல்லணும். அதுக்கு முன்னாடி இப்ப, இங்க, வேதத்து மேல கை வச்சு சொல்லணும். இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் வீட்ட விட்டுப் போறோம்!"

மூலையில் சின்னவன் உட்கார்ந்திருந்தான். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். அந்தக் கையை மடிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். விபத்துக்குப் பிறகு அவன் அவளை அண்ணி என்று கூப்பிட்டதே இல்லை. ஒரு முறை பலகைத் துண்டை எடுத்து அவள் முதுகில் எறிந்திருக்கிறான். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

நடந்தது இதுதான். சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவில் உள்ள நடையில்தான் மெயின் சுவிட்ச். வீட்டுத் தண்ணி மோட்டாருக்கும் ரம்பத்துக்கும் அது ஒன்றுதான்; கைப்பிடியை மேலே தள்ளினால் இரண்டும் ஓடும். பிளேடைத் துடைக்கவோ மாற்றவோ போகிறவன் கைப்பிடியைக் கீழே இறக்கிவிட்டு, அதில் தன் துண்டைத் தொங்க விடுவான். துண்டு தொங்கினால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். தொங்க விட்டவனைத் தவிர வேறு யாரும் அந்தத் துண்டைத் தொடக் கூடாது. மாமனார் போட்ட சட்டம் அது. வேதத்துக்கு அடுத்தபடியாக அந்தப் பட்டறையில் மதித்த சட்டமும் அதுதான்.

அன்று சின்னவனின் நீலத் துண்டு அதில் தொங்கியது. அவசர வேலை ஒன்று தாமதமாகிவிட்ட கோபத்தில் மூத்தவன் பாய்ந்து வந்தான். துண்டை இழுத்துத் தரையில் அடித்தான். கைப்பிடியை மேலே தள்ளினான். சமையலறை வாசலில் நின்ற அவள் "என்னங்க, தம்பி உள்ள..." என்று வாய் திறப்பதற்குள் பட்டறையிலிருந்து அலறல் கேட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூத்தவன் அவள் தோளை நெரித்துப் பிடித்துக்கொண்டான். "தண்ணி மோட்டார் ஓடலைன்னு நீதான் மெயினைப் போட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ மறுத்துப் பேசக் கூடாது. பொம்பளை கை தெரியாம பட்டுடுச்சுன்னா மன்னிப்பாங்க. நான்னு தெரிஞ்சா தம்பி என்னை வெட்டிப் போட்டுடுவான், அம்மா செத்துடுவா, வீடு ரெண்டா உடையும். புருஷனுக்குக் கீழ்ப்படியறதுதான் ஆண்டவருக்குக் கீழ்ப்படியறது. புரியுதா?"

புரிந்தது என்றுதான் நினைத்தாள், பாவி மகள்! வீடு உடையாமல் இருக்க நான் உடைந்தால் என்ன என்று வாயை மூடிக்கொண்டாள். அடி வாங்கினாள், ஏச்சு வாங்கினாள். இதுதான் சிலுவை, இதுதான் கீழ்ப்படிதல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை.

"சொல்லிடும்மா" என்று மாமியார் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "ஒரே ஒரு வார்த்தை. என் பிள்ளைங்க பிரியறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல... தெரியாம செஞ்சேன்னு சொல்லு. அவங்க மன்னிச்சிடுவாங்க."

"கைய வை" என்றான் புருஷன். "வச்சு சொல்லு."

அவள் கை புத்தகத்தின் மேல் போனது. ஈரப் பக்கம் உள்ளங்கையில் ஒட்டியது. இத்தனை மாதம் பேசாமல்தான் இருந்தாள். பேசாமல் இருப்பது வேறு. இதன் மேல் கை வைத்துப் பொய் சொல்வது வேறு. யாருக்குக் கீழ்ப்படியப் போகிறேன் என்று அப்போதுதான் அவள் முதன்முதலாகத் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

கையை எடுத்தாள். "என்னால முடியாதுங்க."

"என்னடி சொன்ன?"

"நான் மெயினைப் போடல. போட்டேன்னு ஆண்டவர் முன்னால நான் சொல்ல மாட்டேன்."

அறை விழுந்த வேகத்தில் அவள் சுவரில் போய் மோதினாள். காது கொய்யென்றது. எழுவதற்குள் அவன் நாற்காலியைத் தூக்கி அடித்தான். அவள் முழங்கையை மடக்கித் தலையை மறைத்துக்கொண்டதால் அடி கையில் விழுந்தது. நாற்காலிக் கால் முறிந்து தெறித்தது. மாமனாரின் நாற்காலி!

"டேய்! டேய், விடுடா! செத்துடுவாடா!" என்று மாமியார் அலறினாள்.

"சாகட்டும்! புருஷன் பேச்சை மீறறவ இருந்தா என்ன, செத்தா என்ன!"

"நீ போடலேன்னா வேற யாருடி போட்டது?" சின்னவள் அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லு! பேயா வந்து போட்டுச்சு?"

உதட்டில் ரத்தம். அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. "அத போட்டவங்கதான் சொல்லணும்" என்று மட்டும் சொன்னாள். புருஷன் கண்ணில் அப்போது ஒரு பயம் எட்டிப் பார்த்து மறைந்தது. அதை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

மூலையிலிருந்து சின்னவன் எழுந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்! எல்லாத்துக்கும் காரணம் அந்தச் சனியன் பிடிச்ச மிஷின்தான். அது இருக்கற வரைக்கும் இந்த வீட்டுல ஜெபமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இன்னைக்கு அதைப் பிச்சுப் போடறேன்!" என்று நடைக்கு ஓடினான். மெயின் கைப்பிடியைக் கீழே இழுத்தான். பழக்கம் விடுமா? தோளில் கிடந்த துண்டை உருவி அதில் மாட்டிவிட்டு, கடப்பாரையோடு பட்டறைக்குள் போனான்.

தட்! தட்! இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம் வீட்டை ஆட்டியது. அப்புறம் சத்தம் நின்றது. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, ஒரு நல்ல கையாலும் ஒரு கட்டைவிரலாலும் பிளேடைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என் மிஷின்ல கை வைக்க நீ யாருடா!" மூத்தவன் வெறி பிடித்தவனாக நடைக்குப் பாய்ந்தான். "பிச்சுப் போடுவியா? பிச்சுப் போடுவியா நீ?" துண்டை ஒரே இழுப்பில் இழுத்துத் தரையில் அடித்தான். கை கைப்பிடிக்குப் போனது.

அதே இழுப்பு. அதே அடி. அவள் யோசிக்கவில்லை. தடுக்கி விழுந்து, எழுந்து ஓடினாள். மேலே போகும் கைப்பிடிக்கும் அதைத் தடுக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தாள். நறுக் என்று விரல்கள் நசுங்கின.

"ஐயோ ஏசப்பா!" என்று அவள் போட்ட கூச்சலில் பட்டறையில் பிளேடு ஆடிய சத்தம் நின்றுபோனது. "இன்னொரு தடவை வேணாங்க! அன்னைக்கும் இப்படித்தானே துண்டைப் பிடுங்கிப் போட்டீங்க... அன்னைக்கு என்னால ஓடி வர முடியலையே! தம்பி உள்ள இருக்காருங்க... உங்க கூடப் பொறந்தவருங்க!"

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துண்டு மூத்தவன் காலடியில் கிடந்தது. அவன் கை இன்னும் கைப்பிடியில்தான் இருந்தது. பட்டறை வாசலில் வந்து நின்ற சின்னவன் துண்டைப் பார்த்தான், அண்ணன் கையைப் பார்த்தான், அண்ணியின் விரல்களிலிருந்து சொட்டும் ரத்தத்தைப் பார்த்தான்.

"நீயாடா?" என்றாள் மாமியார். "நீயா... என் வயித்துல பொறந்த நீயா?"

சின்னவன் திரும்பி உள்ளே போனான். வரும்போது கையில் கடப்பாரை இருந்தது. இடது கையால் ஓங்கி வீசினான். மூத்தவன் விலகியதால் சுவர்ச் சுண்ணாம்பு பெயர்ந்து கொட்டியது. அடுத்த வீச்சு தோளில் விழுந்தது. மூத்தவன் சுருண்டு தரையில் விழுந்தான். "என் கைய எடுத்துட்டு அவங்கள அடி வாங்க வச்சியாடா! தினம் ஜெபத்துல நாற்காலி போட்டு உக்காந்தியேடா! எப்படிடா உக்காந்த?" என்று அழுதுகொண்டே மூன்றாவது தடவை ஓங்கினான்.

அவள் நசுங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"தம்பி, கீழ போடுங்க."

"தள்ளுங்க! தள்ளிப் போங்க!"

"மாட்டேன். நீங்க அடிச்சா இத்தனை நாள் நான் வாங்கினது எதுக்கு? ஒரு கை போனது போதாதா இந்த வீட்டுக்கு? கீழ போடுங்க தம்பி... உங்க அப்பா இருந்தா வாய் வரைக்கும் வந்ததை முழுங்குன்னு சொல்லுவாரு. கை வரைக்கும் வந்ததையும் முழுங்குங்க!"

கடப்பாரை கல்தரையில் விழுந்து அதிர்ந்தது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அண்ணி..." என்றான். "அண்ணி, உங்க விரல்..."

அண்ணி! எத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை! அடிக்கு அழாதவள் அந்த ஒரு சொல்லுக்கு உடைந்து அழுதாள்.

சின்னவள் ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "அக்கா... இன்னைக்குக்கூட டம்ளரை விட்டெறிஞ்சேனே அக்கா! ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல? என்னைத் திருப்பி ஒரு அறை அறைஞ்சிருக்கக் கூடாதா? என்னை மன்னிச்சிடு அக்கா... நான் மனுஷியே இல்ல!"

"எந்திரி குட்டி" என்றாள் அவள். கல்யாணமாகி வந்த புதிதில் சின்னவளை அப்படித்தான் கூப்பிடுவாள். "எந்திரிச்சு ஒரு துணி கொண்டா. ரத்தம் நிக்க மாட்டேங்குது." சின்னவள் தரையில் கிடந்த துண்டை எடுத்து உதறி, அதையே அவள் விரல்களில் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்து அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பினாள். இருவரும் அங்கேயே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குக் கிளம்பும் முன் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாற்காலி இல்லை. மூத்தவன் எல்லோரையும் போல் தரையில் உட்கார்ந்திருந்தான். தோள் வீங்கியிருந்தது. அவள் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. சின்னவள் பக்கத்தில், மாமியாருக்கு எதிரே உட்கார்ந்தாள். இரவும் மாமியார் அறையில்தான் படுத்திருந்தாள்.

முன்தினம் சாயங்காலம் அவன் அந்த அறை வாசலில் வந்து நின்று, "நம்ம ரூமுக்கு வந்துடு" என்று கெஞ்சியிருந்தான். "இப்ப வரலைங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். "உங்க கை ஓங்காம இருக்கப் பழகட்டும். பழகிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் சமைச்சதைப் போடுவேன், உங்களுக்காக ஜெபிப்பேன். அடி வாங்க மட்டும் வர மாட்டேன்."

அன்று கேள்வியை மாமியார் கையில் எடுத்தாள். மூத்த மகனைத்தான் முதலில் பார்த்தாள். "நீ சொல்லு. நேத்து எதுல கீழ்ப்படிஞ்ச?"

அவன் நகத்தால் தரையைக் கீறினான். "ஒண்ணுலயும் இல்லம்மா" என்றான். "துண்டை எடுத்தது நான்தான். பயந்து போய் அவ தலையில போட்டேன். ஆண்டவர் பேரைச் சொல்லியே போட்டேன். தம்பி... உன் முகத்தைப் பாக்க எனக்கு யோக்கியதை இல்லடா."

"எங்க முன்னால சொன்னது பத்தாது" என்றாள் மாமியார். "அவளைச் சபைக்கு முன்னால நிக்கச் சொன்னப்ப வேடிக்கை பாத்த இல்ல? இன்னைக்கு நீ நில்லு."

அவன் சரி என்று தலையை ஆட்டினான். சின்னவன் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்க இன்னும் நாளாகும். ஆனால் எழுந்தும் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

மாமியார் மூத்த மருமகள் பக்கம் திரும்பினாள். அந்தக் கட்டுப் போட்ட கையை மெல்லத் தொட்டாள். "நீ சொல்லும்மா... நேத்து எதுல கீழ்ப்படிஞ்ச?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். விரல்கள் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தன.

"இத்தனை நாள் பயந்துகிட்டுக் கிடந்துட்டு, அதுக்குக் கீழ்ப்படிதல்னு பேரு வச்சிருந்தேன் அத்தை" என்றாள். "கீழ்ப்படிஞ்சது நேத்துதான் முதல் தடவை."