உறை பிரிக்காத ஆள்

காலையில் பாத்திரக் கடையைத் திறந்ததும் சென்னியப்பா செய்கிற முதல் வேலை, நல்லசிவத்தைத் துடைப்பது. மஞ்சள் துணியால் நெற்றி, காது, சட்டைக் காலர் எல்லாவற்றையும் பதமாகத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையைத் தலைவழியே மாட்டி இடுப்புவரை இழுத்துவிடுவார். மூக்குக்கு நேராக ஓட்டை உண்டு. உறையின் மேல் நெற்றிக்கு நேரே சந்தனமும் குங்குமமும் வைத்து, கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்காரவைத்தால், கடை அடைக்கும்வரை நல்லசிவத்துக்கு அதுதான் இடம்.

சென்னியப்பா எந்திரர், அதாவது ரோபோ. ஈரோட்டில் இப்போது சின்னக் கடைகள் எல்லாம் எந்திரர்கள் கையில்தான். பழைய முதலாளிகளின் பெயரையே வைத்துக்கொண்டு, கல்லாவுக்கு மேலே தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய கேமராக்களின் பதிவுகளைப் பார்த்துத் தொழில் கற்றவர்கள். எடையிலும் விலையிலும் பிசகமாட்டார்கள். ஒன்று மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுத்திப் பாத்துட்டு வர்றேனுங்க" என்று போகிற மனிதர் திரும்பி வருவாரா, மாட்டாரா? பதிவுகளில் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க இன்னொரு மனிதனால்தான் முடியும். அதற்காக வந்ததுதான் உடனாள் திட்டம். கடைக்கு ஒரு மனிதர், தகவல் கருவியாக.

நல்லசிவம் இந்தக் கலையில் மகா கெட்டிக்காரர். இத்தனை கெட்டிக்காரத்தனத்தையும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக வேலையில்லாமல் வீட்டில் கிடந்தார். மனைவி கோகிலா ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்க்கக் கூசித் தூங்குகிற மாதிரி படுத்திருப்பார். உடனாள் கம்பெனி அவரைத் தேர்வு செய்து, அட்டைப் பெட்டியில் சுற்றிலும் தெர்மகோல் வைத்து, கடை வாசலில் இறக்கிய அன்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் ஒரு வேலைக்கு ஆனேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் அன்றிலிருந்து அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எதிர்க்கடை ரங்கசாமி ஒரு உடனாள் வாங்கிவிட்டார், சென்னியப்பாவும் வாங்கினார். விஷயம் அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு பெண் இட்லிக் குண்டானின் மூடியை மூன்றாம் முறையாகத் தடவிப் பார்த்துவிட்டு, சுத்திப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். நல்லசிவத்துக்கு நாக்கு துறுதுறுத்தது.

"ஏனுங்க, அந்தக் குண்டானை எடுத்து வையுங்க. அவங்க கட்டாயம் வருவாங்க" என்றார் உறைக்குள்ளிருந்து.

சென்னியப்பா பதறிப்போனார். "பேசாதீங்க. சும்மா சும்மா பேசுனா தேஞ்சு போயிருவீங்க. நாலு பேரு வர்ற நேரத்துல வேணுமில்லீங்களா?"

குண்டானை வேறொருவருக்கு விற்றார். சற்று நேரத்தில் அந்தப் பெண் திரும்பி வந்து, இல்லையென்றதும் முகம் சுருங்கி எதிர்க்கடைக்குப் போனாள். நல்லசிவத்துக்கு அழுகை வரும்போல இருந்தது.

போதாததற்கு அன்று மதியம் ஆய்வு வேறு. சிறு வணிகர்கள் தகவல் தொழில்நுட்பத்தை எப்படி ஏற்கிறார்கள் என்று ஆராய்கிற கணியம்மை, பல்கலைக்கழகத்து எந்திரர், வருவதாக இருந்தது. கடைகளில் உடனாளுக்கு உபயோகமில்லை என்று அறிக்கை வந்தால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். நல்லசிவம் மறுபடியும் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கணியம்மை வந்து, உறையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, கேள்விகளை ஆரம்பித்தாள்.

"உடனாள் உங்களுக்கு உபயோகமா இருக்குதுங்களா?"

"ரொம்பங்க. இவரில்லாம கடையே ஓடாதுங்க" என்றார் சென்னியப்பா, கொஞ்சமும் கூசாமல்.

"எப்பெப்பக் கேட்டுக்குவீங்க?"

"எப்பவும் ஓடிக்கிட்டேதானுங்க இருக்கும்."

"வாங்கினதுக்குக் காரணம்?"

"தொலைநோக்குங்க."

கணியம்மை தலையாட்டினாள். நல்லசிவத்துக்குப் பொறுக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்டார். "அம்மணி, என்னை இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் கேக்கலீங்க. கேட்டா நல்லாச் சொல்லுவேனுங்க. ஒரு தடவை கேக்கச் சொல்லுங்க."

கணியம்மை அவரை மரியாதையோடுதான் பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க. பொருள்கிட்டக் கருத்துக் கேக்கறது எங்க ஆய்வு முறையில இல்லீங்க."

அறிக்கை வெளியானது. உடனாள் திட்டம் அமோக வெற்றி. வாங்கிய கடைக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் திருப்தி தெரிவித்திருந்தார்கள். ஊர் முழுக்க முக்காலிகளும் மனிதர்களும் இறங்கினார்கள். கோகிலா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். நல்லசிவம் சிரித்துக்கொண்டே குடித்தார்.

அடுத்த மாதம் எதிர்க்கடையில் புதுப் பதிப்பு வந்து இறங்கியது. சுருட்டை முடி, இளைஞன், பாடவும் தெரியுமாம். மறுநாளே சென்னியப்பா கடை வாசலிலும் ஒரு அட்டைப் பெட்டி. பிரித்தால் உள்ளே பிரசன்னா என்று ஒரு பையன், கண்கள் மின்ன உட்கார்ந்திருந்தான்.

"அப்ப என்னைத் திருப்பி அனுப்பிருவீங்களா?" என்று கேட்டார் நல்லசிவம்.

"அட, அதெப்படிங்க" என்றார் சென்னியப்பா. "எக்ஸ்சேஞ்சுல ரொம்பக் கம்மியாக் கேக்கறானுங்க. குடுக்க மனசு வரலீங்க. நீங்களும் புதுசு கணக்கா அப்படியே இருக்கறீங்க. எப்பவாவது ஒதவுவீங்க."

அவர் வந்த பெட்டியைச் சென்னியப்பா எறியாமல் பத்திரமாக வைத்திருந்தார், தெர்மகோல் உட்பட. நல்லசிவத்தைத் துடைத்து, உறை மாட்டி, பெட்டிக்குள் உட்காரவைத்து, பரணில் ஏற்றினார். வேலை நேரம் அதேதான். சம்பளமும் அதேதான். சாயந்திரம் ஏணி போட்டு இறக்கிவிடுவார்.

பரணில் உட்கார்ந்து யோசித்தபோது நல்லசிவத்துக்குத் தன் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. ஒருமுறைகூடச் சுற்றாத பழச்சாறு மெஷின், ஸ்டிக்கர் உரிக்காத டேப்லட், துணி காயப்போட மட்டும் உதவிய நடைப்பயிற்சி இயந்திரம், ஒவ்வொன்றும் அதனதன் பெட்டியில். இதையெல்லாம் பழைய சாமான் கடையில் போடக்கூடாதா என்று கோகிலா கேட்கும்போதெல்லாம், "எப்பவாவது ஒதவும்" என்று அவர் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. சென்னியப்பாவின் மேல் கோபப்பட முயன்றார்; வரவில்லை.

கீழே பிரசன்னாவின் குரல் கேட்டது. "ஐயா, அந்தக்கா போறாங்க பாருங்க, அவங்க கண்டிப்பாத் திரும்பி வருவாங்க."

"பேசாதீங்க தம்பி" என்றார் சென்னியப்பா.

நல்லசிவம் பெருமூச்சு விட்டுவிட்டு, பெட்டியோடு சுவர்ப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு பெட்டி வைக்க இடம் போதும்.