ஞாயிற்றுக்கிழமை டீசல்

அலைதடுப்புப் பாறைகளுக்கு இடையே கிடந்த ஜேசுபாதத்தைத் தூக்கியபோது, உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருந்தது.

உயிர்தான் இல்லை. பின்மண்டை பிளந்திருந்தது...

டெல்பின் குனிந்து அவர் கண்களை மூடிவிட்டாள்.

தூத்துக்குடி ராணுவச் சரக்குக் கிடங்கில் புதிய கம்ப்யூட்டர் சிஸ்டத்தைப் பொருத்த வந்தவள் அவள். ஜேசுபாதம் அங்கே ஸ்டோர்கீப்பர். ரோந்துப் படகுகளின் டீசல் களவு போவதை இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தார்கள்.

'யாருன்னு திங்கக்கெழம சொல்லுதேன், ஏளா' என்றவர், திங்கட்கிழமை பிணமாகக் கிடைத்தார்.

கிடங்கு சூப்பர்வைசர் பிரைட்டன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கடற்கரையைச் சேராத சாத்தான்குளத்துக்காரர். சிஸ்டம் ஸ்லோ என்று மேலிடத்துக்குப் புகார் எழுதிய புண்ணியவான்.

"திருடனே ஜேசுபாதந்தாம்மா. ஸ்கிரீனப் பாரு."

நேற்றைய தேதி. ஜேசுபாதத்தின் லாகின். டீசல் வெளியே போயிருந்தது.

"யாருக்குக் குடுத்தாரு சார்?"

"வேம்பார் வள்ளக்காரனுவளுக்கு. நேத்து காலைல மீன்பிடிக்கப் போனவனுவளுக்கு ஊத்திக் குடுக்கும்போது வழுக்கி விழுந்துட்டாரு. நானே பாத்தேன்."

டெல்பின் ஸ்கிரீனிலிருந்து நிமிர்ந்தாள்.

"நான் வேம்பார்க்காரி சார். ஞாயித்துக்கெழம எங்க ஊர்ல ஒரு வள்ளமும் கடல்ல எறங்காது. எல்லாரும் சர்ச்சுல பூசையில இருப்பாவ."

பிரைட்டனின் முகம் செத்தது.

எழுந்தார். கதவைத் தாழிட்டார். டிராயரிலிருந்து ஒரு கனத்த ஸ்பேனர் வெளியே வந்தது... அதன் முனையில் ஏதோ காய்ந்து கறுத்திருந்தது.

"சனிக்கெழமன்னு மாத்து. இல்லன்னா உனக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கு."

அவள் தாழிட்ட கதவைப் பார்த்தாள். ஆனால், அந்த நல்ல மனுஷர் திருடன் என்ற பெயரோடு கல்லறைக்குப் போவதா? அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"அவரு லாகின்லதான் மாத்த முடியும் சார். பாஸ்வேர்டு தெரியாதே..."

"எனக்குத் தெரியும். நேத்து போட்டதே நாந்தான்."

அவரே தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது... சுற்றியது...

"என்ன எழவு இது?"

"லோடாகுது சார்."

ஸ்பேனர் உயர்ந்தது.

கதவு உடைந்து விழுந்தது. துப்பாக்கிகளோடு நான்கு சிப்பாய்கள். பின்னால் கிடங்கின் கமாண்டர்.

பிரைட்டனின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது.

"எப்படி...?"

"காலைலயே சிஸ்டத்துல ஜேசுபாதம் அண்ணாச்சி பேருக்கு நேரா 'இறந்துட்டாரு'ன்னு போட்டுட்டேன். செத்தவரு லாகின் பண்ணினா, எந்த ரூம்லேருந்துன்னு கமாண்டருக்கு அலாரம் போகாதா?"

விலங்கு மாட்டும்போது டெல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சிஸ்டம் ஸ்லோன்னு புகார் எழுதினீங்களே சார்... இந்த வேகம் போதுமா?"